வீட்டுக் கதவில் நசுங்காத விரல்கள்

வடகொழும்பிலிருந்து ஒரு வாசகி கொப்பித் தாளில் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியவற்றை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 36 வயது. ஒரு மேன்பவர் (ஆள் அனுப்புகிற) கம்பனி மூலம் ஆறு வருடமாகத் துறைமுகத்தில் லாஷிங் வேலை, அதாவது கப்பலில் கொள்கலன்களை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிற வேலை, செய்கிறார். ஆள் குறைந்தால் ஜெட்டியில் நின்று கோன் (கொள்கலனின் மூலையில் மாட்டுகிற இரும்புப் பூட்டு) போடவும் கழற்றவும் விடுவார்கள். ஐந்து வாரத்துக்கு முன், இரவு ஷிப்ட் முடிய ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, கிரேனில் தொங்கிய கொள்கலன் பெட்டியின் மூலையில் கோனைக் கழற்றிக்கொண்டிருந்தார். பெட்டி சட்டென்று இறங்கியது. வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் ட்ரெய்லருக்கும் பெட்டிக்கும் நடுவே அகப்பட்டன. சுப்பர்வைசர் அவரை ஆட்டோவில் ஏற்றி ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோனார். "வீட்டுக் கதவில் நசுங்கியது என்று சொல்லு, இல்லாவிட்டால் பொலிஸ், கேஸ் என்று அலைய வேண்டிவரும்" என்று வழியிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார். இவரும் அப்படியே சொல்லியிருக்கிறார். தையல் போட்டார்கள், எக்ஸ்ரே எடுக்கவில்லை.

இப்போது சுட்டுவிரல் மடங்குவதில்லை. நடுவிரலின் நுனி "தலை குனிந்தபடி" நிற்கிறது. இரவில் கரண்ட் அடித்த மாதிரி இழுக்கிறதாம். கம்பனி 30,000 ரூபா கொடுத்து, சிங்களத்தில் இருந்த ஒரு தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறது. பிரதி தரவில்லை. அடுத்த கிழமை வேலைக்கு வரச் சொல்கிறார்கள். "கையுறையைக் கழற்றியது நான்தானே, யாரைக் குறை சொல்ல?" என்கிறார் கணவர். மாமியோ முறிவு வைத்தியரிடம் எண்ணெய் போடலாம் என்கிறார். செட்டியார் தெருவில் ராசிக்கல் மோதிரமும் ஒன்று வாங்கிவைத்திருக்கிறார். விரல் சரியாகுமா, வேலைக்கு அனுப்பலாமா, நாட்கூலிக்காரருக்குக் கேட்பதற்கு ஏதாவது உரிமை உண்டா என்பவை வாசகியின் கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

"காயம் ஆறிவிட்டது" என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆறியிருப்பது தோல் மட்டும்தான். விரலுக்குள் தசையே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. விரலை மடக்குகிற தசையும் நிமிர்த்துகிற தசையும் முழங்கைக்குக் கீழே, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து கயிறு மாதிரி தசைநாண்கள் வந்து விரல் எலும்பில் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு விரலின் இரண்டு பக்கத்திலும் உணர்வு நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகின்றன. மேலே தையல் அழகாக இருந்தாலும் உள்ளே கயிறு அறுந்திருக்கலாம், எலும்பு உடைந்திருக்கலாம், நரம்பு நசுங்கியிருக்கலாம். உங்கள் கடிதத்தில் இந்த மூன்றுக்கும் அறிகுறி இருக்கிறது.

இதில் எனக்குக் கோபம் வருகிற இடம் அந்த "வீட்டுக் கதவு". டிஸ்பென்சரி வைத்தியரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கதவில் நசுங்கியது என்று கேட்டவர் கதவுக் காயத்துக்கு உரிய வைத்தியத்தைச் செய்திருக்கிறார். பொருள் ஏற்றாத 20 அடிக் கொள்கலன் ஒன்றே இரண்டு தொன்னுக்கு மேல் நிறை. அப்படி ஒன்று கையில் இறங்கியது என்று சொல்லியிருந்தால் எக்ஸ்ரே எடுத்திருப்பார், ஏற்பு ஊசி போட்டதா என்று கேட்டிருப்பார், விரலை மடக்கச் சொல்லிப் பார்த்திருப்பார், அநேகமாக அன்றிரவே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பார். நட்டஈட்டுக்கு வருவதற்கு முன்பே அந்தப் பொய், விரலுக்குத்தான் முதலில் கேடு செய்தது.

வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒன்று

கணவரை மேசைக்கு முன் உட்கார வையுங்கள். சுட்டுவிரலின் நடு மூட்டை நீங்கள் நேராகப் பிடித்துக்கொண்டு, நுனியை மட்டும் மடக்கச் சொல்லுங்கள். அவரால் முடியாவிட்டால், நீங்களே மெதுவாக அந்த நுனியை மடக்கிப் பாருங்கள், பலவந்தம் வேண்டாம். உங்கள் கையால் மடங்குகிறது, அவருடைய முயற்சியால் மடங்கவில்லை என்றால் மடக்கும் தசைநாண் அறுந்திருக்கலாம். உங்கள் கையாலும் மடங்கவில்லை என்றால் மூட்டு இறுகிப்போயிருக்கிறது. இரண்டும் வேறு வேறு பிரச்சினை, வைத்தியமும் வேறு. இறுகிய மூட்டைப் பயிற்சியால் பெரும்பாலும் வழிக்குக் கொண்டுவரலாம், பொறுமைதான் வேண்டும். அறுந்த தசைநாண் தானாக ஒட்டாது. முதல் ஓரிரு கிழமைக்குள் என்றால் நேரடியாகத் தைக்க வாய்ப்பு அதிகம். நாள் போகப் போக அறுந்த முனை உள்ளங்கைப் பக்கம் சுருங்கிப் போய்விடும். அப்புறம் வேறொரு தசைநாணை எடுத்து வைத்து, சில நேரம் இரண்டு கட்டமாக சத்திரசிகிச்சை செய்யவேண்டி வரும்.

தலை குனிந்த நடுவிரலைப் பற்றிக் கொஞ்சம் நல்ல செய்தி இருக்கிறது. நுனியை நிமிர்த்துகிற தசைநாண் அறுந்தாலோ, எலும்பில் ஒரு சில்லோடு பிய்ந்தாலோ இப்படித்தான் தொங்கும். பெரும்பாலும் சத்திரசிகிச்சை தேவைப்படாது. நுனி மூட்டை நேராக வைக்கிற ஒரு சின்னப் பட்டையை இரவு பகல் என்று பார்க்காமல் ஆறு முதல் எட்டுக் கிழமை போட்டிருக்க வேண்டும். ஐந்து வாரம் போய்த் தொடங்கினாலும் பலருக்குப் பலன் கிடைக்கிறது. ஆனால் குளிக்கும்போது ஒரு தடவை கழற்றி விரல் தொங்கிவிட்டால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். நான் பார்த்தவர்களில் பட்டை வேலை செய்யாமல் போனது குறைவு. "கை கழுவத்தானே கழற்றினேன்" என்று வந்தவர்கள்தான் அதிகம். எலும்புச் சில்லு பெரிதாக இருந்தால் பட்டை போதாமல் போகலாம். அதைச் சொல்ல எக்ஸ்ரே வேண்டும்.

கரண்ட் அடிக்கிற இழுப்பு நரம்பிலிருந்து வருவது. அறுந்த அல்லது நசுங்கிய நரம்பு வளர்கிற வேகம் ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீற்றர் அளவுதான். நுனிக்கு உணர்வு திரும்ப மாதங்கள் எடுக்கும், அந்த இழுப்பு நரம்பு வளர்வதன் அடையாளமாகவும் இருக்கலாம். ஆனால் கை முழுவதும் வீங்கி, நிறம் மாறி, வழக்கத்துக்கு மாறாக வியர்த்து, காயத்துக்குப் பொருந்தாத அளவுக்கு எரிந்தால் அது வேறு நோய். நாள் கடத்தாமல் காட்ட வேண்டும்.

ஆகவே இந்தக் கிழமையே கொழும்பு தேசிய வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். அங்கே நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள்: துறைமுகத்தில், வேலை நேரத்தில், கொள்கலன் இறங்கி நசுங்கியது என்று. டிஸ்பென்சரித் துண்டில் "கதவு" என்று எழுதியிருந்தால் அதையும் மறைக்க வேண்டாம். ஏன் அப்படிச் சொன்னார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது டயக்னோசிஸ் கார்ட்டில் பதிவாகட்டும். சலுகை ஒன்றும் கேட்கவில்லை நீங்கள், உள்ளதைச் சொல்லுகிறீர்கள்.

அதுவரை கையைக் கீழே தொங்கவிடாமல் நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்கச் சொல்லுங்கள், தூங்கும்போது தலையணையில். காயப்படாத விரல்களையும் மணிக்கட்டையும் ஒரு நாளைக்குப் பல தடவை மடக்கி நிமிர்த்த வேண்டும். இரண்டு விரல் காயப்பட்டதற்கு முழுக் கையும் இறுகிப்போய் வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது தவிர்க்கக்கூடியது. தொட்டால் கூசுகிற நுனிக்கு, வைத்தியர் காட்டிய பிறகு, ஒரு கிண்ணத்தில் பச்சரிசியும் பயறும் கலந்து அதற்குள் விரலை அளையவிடுகிற பழைய பயிற்சி உதவும். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதாவது நிறுத்தட்டும், விரல் நுனிக்குப் போகிற மயிரிழை மாதிரியான குழாய்களை அது இன்னும் சுருக்கும்.

மாமி சொல்கிற எண்ணெய்? எக்ஸ்ரே பார்க்கும் முன் வேண்டாம். தசைநாண் அறுந்திருக்கிறதா என்று தெரியாமல் விரலை இழுத்து நீவிவிட்டால் இருக்கிற ஒட்டும் போய்விடும். பின்னாளில், தழும்பை மெதுவாக நீவிவிடுகிற கட்டத்தில், மாமியின் எண்ணெயையே பாவிக்கலாம். எந்த எண்ணெய் என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

கையுறையும் குற்றமும்

கணவர் தன்னையே குற்றம் சொல்கிறார் என்று வாசித்தபோது கொஞ்ச நேரம் கடிதத்தை மூடி வைத்துவிட்டேன். எண்ணெய் ஊறின கையுறையோடு ஐந்தாறு கிலோ கோனைப் பிடித்து நெம்பினால் வழுக்கும், அதனால் கழற்றுகிறார்கள். அந்த வேலை செய்கிற யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். தோல் கையுறை லாஷிங் ராடின் பிசிறிலிருந்தும், துருவிலிருந்தும், வெயிலில் சுடுகிற இரும்பிலிருந்தும் காப்பாற்றும். இரண்டு தொன்னிலிருந்து காப்பாற்றாது. அன்று அவர் புத்தம் புதிய கையுறை போட்டிருந்தாலும் அந்த விரல்கள் நசுங்கியிருக்கும்.

கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. கை பெட்டியின் மூலையில் இருக்கும்போது பெட்டி ஏன் இறங்கியது? கிரேன் இயக்குபவருக்குச் சமிக்ஞை கொடுக்க ஒருவர் நின்றாரா? லாஷிங் ஆளைக் கோனுக்கு விடும் முன் அந்த வேலையைக் காட்டிக் கொடுத்தார்களா? ஷிப்டின் கடைசி மணித்தியாலம் அது, தொடர்ச்சியாக எத்தனையாவது இரவு?

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. நான் சட்டத்தரணி இல்லை, இந்த வழக்குகளுக்கு மருத்துவச் சான்றிதழ் எழுதி எழுதிப் படித்ததைச் சொல்கிறேன். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வேலையிலிருந்தும் வேலையின்போதும் வந்த காயமா என்பதே முதல் கேள்வி. தொழிலாளியின் கவனக்குறைவு அந்த உரிமையை அழிக்காது. மதுபோதையில் இருந்தார், அல்லது பாதுகாப்புக்காகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறினார், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே அகற்றினார் என்று நிரூபித்தால்தான் முதலாளி தப்பலாம். வழுக்குகிறது என்று கையுறையைக் கழற்றியதை "வேண்டுமென்றே மீறியது" என்று அவர்கள் வாதாடக்கூடும். ஆனால் எல்லோரும் கழற்றுகிறார்கள், சுப்பர்வைசரும் தினமும் பார்த்துக்கொண்டுதான் நின்றார் என்பது அதற்கு நல்ல பதில்.

நாட்கூலி, மேன்பவர், கையெழுத்து

"நிரந்தரப் பதிவில் பெயர் இல்லை, அதனால் ஒன்றும் கிடைக்காது" என்பது தவறான எண்ணம். முதலாளியின் தொழிலுக்காகவே வேலை செய்கிற நாட்கூலிக்காரரும் இந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிலாளிதான். ஒப்பந்தக்காரர் ஊடாக ஆள் எடுத்துத் தன் வழக்கமான தொழிலைச் செய்விக்கிற பிரதான நிறுவனத்தையும் பொறுப்பாக்க இடம் இருக்கிறது. ஆகவே மேன்பவர் கம்பனி கையை விரித்தாலும் கதை முடிவதில்லை.

அந்தச் சிங்களத் தாளைப் பற்றி நீங்கள் தூக்கமில்லாமல் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக்கொடுக்கிற ஒப்பந்தம் சட்டப்படி செல்லாது. தொகை பேசி முடிப்பதாக இருந்தாலும் அந்த உடன்படிக்கையை நட்டஈட்டு ஆணையாளரிடம் பதிவு செய்ய வேண்டும். 30,000 ரூபாவை வாங்கியது பிழையில்லை, வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே. ஆனால் இனி எந்தத் தாளிலும் வாசிக்காமல் கையெழுத்து வேண்டாம். பிரதி கேளுங்கள், தராவிட்டால் போனில் ஒரு படமாவது எடுக்கச் சொல்லுங்கள்.

கிடைக்கக்கூடியது என்ன? வேலை செய்ய முடியாத காலத்துக்கு அரைமாதத்துக்கு ஒரு கொடுப்பனவு. நிரந்தரமாக இயலாமை மிஞ்சினால் சம்பளத்தையும் இயலாமையின் சதவீதத்தையும் வைத்துக் கணக்கிடுகிற ஒரு தொகை. 2022இல் வந்த திருத்தம் உச்சத் தொகையை 550,000 ரூபாவிலிருந்து 20 இலட்சமாக உயர்த்தியது. அந்த எண்ணை மனதில் போட்டுக்கொண்டு கனவு காண வேண்டாம், அது மரணம், முழு இயலாமை போன்றவற்றுக்கான உச்சம். இரண்டு விரலுக்கு அதில் ஒரு பங்குதான் வரும். இதிலும் ஒரு விஷயம்: கை முழுக்கத் தேறி முடிந்த பிறகே இயலாமையைச் சரியாக மதிப்பிடலாம். இன்றைக்கே ஒரு தொகை பேசி முடித்தால் நட்டம் உங்களுக்குத்தான். ஆனால் விண்ணப்பத்துக்குக் காலவரம்பு உண்டு, ஆகவே விபத்தை எழுத்தில் அறிவிப்பதை இப்போதே செய்துவிடுங்கள். இந்தச் சட்ட வழியா, சிவில் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கா என்று தெரிவு செய்யவும் வேண்டும். ஒரே காயத்துக்கு இரண்டு இடத்திலும் வாங்க முடியாது. நீதிமன்றத்தில் தொகை கூடலாம், வருடங்களும் கூடும், முதலாளியின் தவறை நிரூபிக்கிற பாரமும் உங்கள் தலையில் வரும். உங்கள் நிலையில் நான் முதல் வழியையே பார்ப்பேன்.

எங்கே போவது என்றால், நாரஹேன்பிட்டியில் உள்ள தொழில் திணைக்களத்தில் கேளுங்கள். தமிழில் எழுதிக்கொடுக்க உங்களுக்கு அரசியலமைப்பிலேயே உரிமை உண்டு. யாரோ மொழிபெயர்த்த தாளைக் கொண்டுபோக வேண்டும் என்றில்லை. சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை என்றால் புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போன விபத்தை முதலாளி அறிவிக்க வேண்டும் என்று தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சொல்கிறது. அறிவிக்கப்பட்டதா என்று தொழில் திணைக்களத்திலேயே விசாரியுங்கள்.

"கதவு" என்று பதிவான பிறகு எப்படி நிரூபிப்பது என்று பயப்படுகிறீர்கள். துறைமுகத்துக்குள் பாஸ் இல்லாமல் ஆள் போக முடியாது. அன்று இரவு அவர் எத்தனை மணிக்கு உள்ளே போனார் என்பது எங்கோ பதிவாகித்தான் இருக்கும். திகதி, நேரம், கப்பலின் பெயர், எந்தக் கிரேன், பக்கத்தில் நின்றவர்களின் பெயர்கள் எல்லாவற்றையும் இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரத்தம் பட்ட உடுப்பின் படமோ, அன்று இரவு யாராவது அனுப்பிய வட்ஸ்அப் செய்தியோ இருந்தால் அழிக்க வேண்டாம். சம்பளத் துண்டில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் கழித்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். முதலாளி அதற்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் போட வேண்டும், நாட்கூலிக்கும்தான். அவர் அங்கே வேலை செய்தார் என்பதற்கு அந்தத் துண்டும் சாட்சி.

அடுத்த கிழமை வேலை

இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறேன்: லாஷிங்குக்கோ கோனுக்கோ போகக் கூடாது. பிடி நழுவினால் இன்னொரு விரல் போகும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கப்பலில் ஏணி ஏற இரண்டு கையும் வேண்டும். உணர்வில்லாத நுனி, தான் எதையும் பிடித்திருக்கிறதா என்பதை மூளைக்குச் சொல்லாது. ரீஃபர் (குளிரூட்டிய) பெட்டிகளின் குளிரும் கவனிக்க வேண்டியது. நசுங்கிய விரல் நுனி குளிரைத் தாங்காமல் வலிப்பது சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். நம்முடைய ஊரில் வெயில்தானே என்று நினைக்க வேண்டாம், ஏசி பஸ்ஸில் போனாலே சிலருக்குத் தெரிந்துவிடும்.

கணக்கு எடுக்கிற வேலை, வாசலில் பாஸ் பார்க்கிற வேலை என்று உண்மையிலேயே இலேசான வேலை தந்தால் போகலாம். வீட்டில் சும்மா இருந்து கையை மறைத்து வைப்பதைவிட அது நல்லது. வைத்தியரின் கடிதத்தோடு போகட்டும், என்ன வேலை, என்ன சம்பளம் என்பது எழுத்தில் இருக்கட்டும். எனக்குள்ள சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். இரவு இரண்டு மணிக்கு ஒரு கப்பல் புறப்பட அவசரப்படும், ஆள் ஒன்று குறையும், "தம்பி, இன்றைக்கு மட்டும்" என்பார்கள். அவர் மாட்டேன் என்று சொல்லக்கூடியவரா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

நட்டஈடு கேட்டால் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம் வீண் பயம் என்று நான் சொல்லமாட்டேன். நடக்கிற விஷயம்தான். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் கடந்த 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்தவரைக் காரணமில்லாமல் நிறுத்துவதற்கு எதிராக 1971ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆனாலும் மெதுவாக ஷிப்ட் குறைப்பதைப் பிடிப்பது கஷ்டம். இந்தப் பக்கத்தையும் இருவருமாகப் பேசிக்கொள்ளுங்கள். என் எண்ணத்தைக் கேட்டால், கை போன பிறகு அந்த வேலையும் இருக்கப்போவதில்லை. ஆனால் மாத வாடகை கட்டுவது நானல்ல.

கடைசியாக மாமி வாங்கி வைத்த மோதிரம். நல்ல கையில் போட்டால் இனி ஒன்றும் வராது என்கிறாராம். மாமியின் பயம் எனக்குப் புரிகிறது, ஆனால் கொள்கலன் வேலையில் மோதிரத்தைவிட ஆபத்தான பொருள் குறைவு. ஏணியிலிருந்து குதிக்கும்போது மோதிரம் ஒரு கொக்கியில் மாட்டினால், ஆளுடைய முழு நிறையும் அந்த ஒரு விரலில் தொங்கும். தோலும் நரம்பும் குழாயும் கையுறை கழன்ற மாதிரி உரிந்து வரும். அப்படி வந்த விரல்களில் பலவற்றை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. (அவருடைய கூட்டாளிகளுக்கும் சொல்லி வையுங்கள்: விரல் துண்டாகிவிட்டால் சுத்தமான ஈரத் துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். விரலை நேரடியாக ஐஸில் போடக் கூடாது.) ராசிக்கல் அலுமாரியில் இருந்தாலும் ராசிதான். மாமியிடம் டொக்டர் சொன்னார் என்று என் தலையில் போட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது மட்டும் அவர் போட்டுக்கொள்ளட்டும்.